நம்மை நாமே எழுதுவோம்: பண்பாட்டு மானிடவியல் ஓர் அறிமுகம்

(பொன்விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

மசாலா சாமான் விற்கிறவனை மேடையேற்றி மானிடவியல் பேசச் சொல்லியிருக்கிறார்கள். விழாக் குழுவின் துணிச்சலுக்கு முதலில் நன்றி. நான் பாலிடெக்னிக்கில் மின்சாரப் பிரிவில் டிப்ளோமா முடித்தவன். முடித்த கையோடு அத்தாவின் கடைக்கு வந்து பெட்டியடியில் உட்கார்ந்தேன். பன்னிரண்டு வருடமாக அங்கேதான் இருக்கிறேன். மானிடவியலைக் கல்லூரியில் படித்தவனல்ல. கடை மூடிய பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டவன். ஆகவே ஒரு பேராசிரியரின் விரிவுரையை எதிர்பார்க்காதீர்கள். ஒரு வியாபாரி தனக்குப் பயன்பட்ட சரக்கை உங்கள் முன் பிரித்துக் காட்டுகிறான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் படிப்பின் மீது எனக்கு ஆர்வம் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பல்கலைக்கழக மாணவி எங்கள் கடைக்கு வந்தார். "முதலாளி, ஒரு மாதம் கடையில் ஓர் ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாமா?" என்று கேட்டார். என்ன பார்க்கப் போகிறீர்கள் என்றேன். "எல்லாவற்றையும்" என்றார். யார் வருகிறார்கள், என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், பணம் எப்போது கை மாறுகிறது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். மாதக் கடைசியில் அவர் சொன்ன ஒரு விஷயம் என்னை யோசிக்க வைத்தது. "ஏன் இந்தக் கடைக்கு வருகிறீர்கள் என்று வாடிக்கையாளர்களைக் கேட்டேன். விலை மலிவு என்று பெரும்பாலோர் சொன்னார்கள். ஆனால் ஒரு மாதமாகப் பார்க்கிறேன், அவர்களில் பலர் விலையே கேட்பதில்லை. உங்கள் அத்தாவின் உடம்பு எப்படி இருக்கிறது என்றுதான் கேட்கிறார்கள்" என்றார்.

மனிதர் தம்மைப் பற்றிச் சொல்வது ஒன்று, நடந்துகொள்வது இன்னொன்று. இரண்டையும் பார்த்து, இரண்டுக்கும் இடையில் என்ன இருக்கிறது என்று தேடுவதுதான் பண்பாட்டு மானிடவியல் என்று அன்றைக்கு எனக்கு விளங்கியது.

பண்பாடு என்றால் என்ன?

நம் கூட்டங்களில் பண்பாடு என்ற சொல்லுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பண்பாடு என்றால் பரதமும் பட்டிமன்றமும் என்று நினைத்துவிடுகிறோம். 1871-இல் எட்வர்ட் டைலர் என்ற ஆங்கிலேயர் 'ஆதிப் பண்பாடு' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் வெளியிட்டார். அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் என்று ஒரு சமுதாயத்தின் உறுப்பினராக மனிதன் கற்றுக்கொள்ளும் அத்தனையும் சேர்ந்த முழுமையே பண்பாடு என்ற கருத்தை அதில் சொன்னார். இதில் 'கற்றுக்கொள்ளும்' என்பதுதான் முக்கியம். தோலின் நிறம் பிறப்போடு வருகிறது. மாமியாரைக் கண்டால் எழுந்து நிற்பது பிறப்போடு வருவதில்லை, யாரோ கற்றுக் கொடுத்தது. கற்றுக் கொடுக்க ஆளில்லை என்றால் ஒரே தலைமுறையில் அது நின்றுபோகும்.

அதே 1871-இல் அமெரிக்காவில் லூயிஸ் ஹென்றி மார்கன் என்பவர் உலக மக்களின் உறவுமுறைச் சொற்களைத் தொகுத்து ஒரு பெரிய நூல் வெளியிட்டார். அவர் தொழிலால் வழக்கறிஞர். அமெரிக்கப் பூர்வகுடிகளான இரோக்குவா மக்களின் உறவுச் சொற்களைத் தொகுத்தவர், ஒரு பாதிரியார் மூலம் தமிழ் உறவுச் சொற்களைப் பெற்றுப் பார்த்து வியந்து போனார். இரண்டும் ஒரே மாதிரி அமைந்திருந்தன. ஆக, இந்தப் படிப்பு தவழத் தொடங்கிய காலத்திலேயே நம் மாமாவும் மச்சானும் அதில் இடம் பிடித்துவிட்டார்கள்.

அப்படி என்ன நம் உறவுமுறையில்? பிள்ளைகள் கொஞ்சம் கவனியுங்கள். மலாயில் 'செபுபு' என்று ஒரே சொல். அத்தாவின் அண்ணன் மகளும் செபுபுதான், அம்மாவின் அண்ணன் மகளும் செபுபுதான். தமிழில் அப்படி இல்லை. பெரியத்தா மகள் நமக்கு அக்கா அல்லது தங்கச்சி. மாமா மகள் மதினி அல்லது மச்சி. முதலாமவரைக் கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டாலே வீட்டில் அடி விழும். இரண்டாமவரை 'முறைப்பெண்' என்பார்கள். மார்க்கச் சட்டப்படி இருவருமே மணம் முடிக்கத் தடையில்லாதவர்கள். அரபு நாடுகள் பலவற்றில் அத்தாவின் சகோதரர் மகளை முடிப்பதுதான் விரும்பப்படும் வழக்கம். நம் குடும்பங்களில் பெரும்பாலானவை அதைச் செய்வதில்லை. ஏன்? "அது அண்ணன் தங்கச்சி முறை" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். மார்க்கம் திறந்து வைத்த ஒரு கதவை நம் தமிழ் வழக்கம் சத்தமில்லாமல் சாத்தி வைத்திருக்கிறது. இது சரியா தவறா என்பது இங்கே கேள்வி இல்லை. நாம் முஸ்லிம்களாக இருக்கும் விதத்தில் தமிழ் எங்கே இருக்கிறது என்று கேட்டால், இதோ, இங்கே இருக்கிறது.

எப்படி ஆராய்கிறார்கள்?

மானிடவியலாளர் ஆராயும் இடத்தில் போய்த் தங்க வேண்டும். அங்குள்ள மொழியைப் படிக்க வேண்டும். அன்றாடம் பார்த்ததை அன்றன்றே எழுத வேண்டும். இந்த முறைக்கு வலுவான வடிவம் கொடுத்தவர் போலந்தில் பிறந்த மாலினோவ்ஸ்கி. முதல் உலகப் போர்க் காலத்தில் பாப்புவா நியூகினி பக்கத்திலுள்ள டிரோபிரியாண்ட் தீவுகளில் தங்கி ஆராய்ந்து 1922-இல் ஒரு நூல் எழுதினார். அந்தத் தீவுக்காரர்கள் சிப்பி மாலைகளையும் சிப்பி வளைகளையும் படகில் ஏற்றி, உயிரைப் பணயம் வைத்துக் கடல் தாண்டிப் போய் அடுத்த தீவில் கொடுப்பார்கள். மாலை ஒரு திசையில் சுற்றும், வளை எதிர்த் திசையில் சுற்றும். யாரும் நிரந்தரமாக வைத்துக்கொள்வதில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். கூட இருந்து பார்த்தவருக்கோ அந்தச் சிப்பிகள் தீவுகளுக்கு இடையே பகை வராமல் பிணைத்து வைத்திருப்பது தெரிந்தது. அந்தப் பயணங்களோடு சாதாரணப் பண்டமாற்றும் பேரம் பேசி நடந்தது.

இதைக் கேட்டுச் சிரிக்கும் முன் நம் மொய் நோட்டை நினைத்துப் பாருங்கள். இன்னார் வீட்டுக் கல்யாணத்தில் நாம் ஐம்பது வெள்ளி வைத்தோம், அவர் நமக்கு எவ்வளவு வைத்தார் என்று பேரோடு ஊரோடு எழுதி வைக்கிறோம். மலாய்ச் சகோதரர்களின் கல்யாணத்தில் 'சலாம் காவுட்' என்று உள்ளங்கையில் மடித்த பணத்தைக் கைகுலுக்கும்போது மாற்றிவிடுகிறார்கள். ஒரே ஊர், ஒரே மார்க்கம், ஒரே ரிங்கிட். நாம் எழுதி வைக்கிறோம், அவர்கள் மறைத்துக் கொடுக்கிறார்கள். கொடுப்பது, வாங்குவது, திருப்பிக் கொடுப்பது ஆகிய மூன்று கடமைகளும்தான் சமுதாயத்தைக் கட்டிப் போடுகின்றன என்று மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1925-இல் எழுதினார். கல்யாண வீட்டு வாசலில் மொய் எழுத உட்கார்ந்தவர் எவருக்கும் இது உடனே புரியும்.

நம் நாட்டிலும் இத்தகைய ஆராய்ச்சி நடந்திருக்கிறது. 1939, 1940 ஆண்டுகளில் ரேமண்ட் ஃபர்த் என்பவரும் அவர் மனைவி ரோஸ்மேரியும் கிளந்தானில் ஒரு மீனவக் கிராமத்தில் தங்கினார்கள். கணவர் படகு, வலை, மீன் விலை, பங்கு பிரிப்பது ஆகியவற்றைப் பார்த்தார். மனைவி வீட்டுக்குள் போய், ஒரு குடும்பம் அரிசிக்கு எவ்வளவு, மீனுக்கு எவ்வளவு செலவழிக்கிறது, காசு யார் கையில் இருக்கிறது என்று கணக்கெடுத்தார். ரோஸ்மேரியின் நூல் 1943-இல் வந்தது, ரேமண்டின் நூல் 1946-இல் வந்தது. ஆண் ஒருவர் மட்டும் போயிருந்தால் அடுப்படிக் கணக்கு பதிவாகியிருக்காது. தாய்மார்கள் இதைக் கவனத்தில் வையுங்கள், பின்னால் உங்களிடம் ஒன்று கேட்கப் போகிறேன்.

கடைத்தெருவும் ஒரு பாடப் புத்தகம்

வியாபாரிகள் நிறைந்த சபை என்பதால் இதைச் சொல்லாமல் விட மனமில்லை. கிளிஃபர்ட் கீர்ட்ஸ் என்ற அமெரிக்கர் முதலில் ஜாவாவிலும் பின்னர் மொராக்கோவில் செஃப்ரூ என்ற ஊரிலும் சந்தைகளை ஆராய்ந்தார். சந்தையில் பேரம் பேசுவதைப் பின்தங்கிய பழக்கம் என்று மேலைநாட்டார் நினைத்தார்கள். 1978-இல் எழுதிய கட்டுரையில் கீர்ட்ஸ் வேறு விளக்கம் சொன்னார். சந்தையில் உண்மையில் பற்றாக்குறையாக இருப்பது தகவல். எந்தச் சரக்கு நல்லது, என்ன விலை நியாயம், யாரை நம்பலாம் என்று எவருக்கும் முழுதாகத் தெரியாது. அதனால் மக்கள் பேரம் பேசித் தகவல் தேடுகிறார்கள், ஒரே கடைக்குத் திரும்பத் திரும்பப் போய் நம்பிக்கையைச் சேமிக்கிறார்கள்.

பிறகு ஃபிராங்க் ஃபான்ஸ்லோ என்ற ஆய்வாளர் தமிழ்நாட்டுக் கடைத்தெரு ஒன்றை ஆராய்ந்து 1990-இல் இதற்குத் துணைப் பாடம் சொன்னார். பேரம் எல்லாச் சரக்குக்கும் நடப்பதில்லை. கம்பெனி பெயர் போட்டு, எடை போட்டு, உறையில் வரும் சரக்குக்கு யாரும் பேரம் பேசுவதில்லை. தரத்தைக் கண்ணால் உறுதி செய்ய முடியாத சரக்குக்குத்தான் பேரமும் நம்பிக்கையும் தேவைப்படுகின்றன. நம் கடையில் பாருங்கள். பால் டின்னுக்கு யார் பேரம் பேசுகிறார்? சீரகத்தை மட்டும் உள்ளங்கையில் கசக்கி முகர்ந்துவிட்டு "பாய், போன வாரம் இதைவிட நல்லா இருந்துச்சே" என்பார்கள். எல்லாச் சரக்கும் உறைக்குள் போகிற நாளில் நம்மிடம் வரக் காரணம் என்ன இருக்கும்? மானிடவியல் என் வியாபாரத்துக்கு முன் வைத்த கேள்வி இது. இதற்கு நான் பெரிய கட்டணம் கட்டவில்லை.

முதலில் பதிவு, பிறகு தீர்ப்பு

இப்போது கொஞ்சம் கடினமான இடத்துக்கு வருகிறேன். பெரியவர்கள் பொறுமையோடு கேட்க வேண்டும்.

கந்தூரி, மவுலூது ஓதுவது, நாகூருக்கு நேர்ச்சை, கல்யாணத்தில் கருகமணி கட்டுவது, நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஆகியவை பற்றி நம் குடும்பங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஒரே வீட்டில் வாப்பா ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம் இருப்பதை நான் அறிவேன். எது கூடும், எது கூடாது என்று சொல்வது ஆலிம்களின் வேலை. அதில் மானிடவியல் மூக்கை நுழைப்பதில்லை. ஆனால் கூடாது என்று முடிவு செய்தவர்கள், அது நடந்தது என்பதற்கான தடயத்தையும் சேர்த்து அழித்துவிடுகிறார்கள். பழைய படங்கள், அரபுத் தமிழில் எழுதிய கிதாபுகள், பாட்டிமார் பாடிய தாலாட்டு எழுதிய நோட்டுகள் எல்லாம் குப்பைக்குப் போகின்றன.

இதற்கு நம் முன்னோரிலேயே வழிகாட்டி இருக்கிறார். குவாரிஸம் நாட்டில் 973-இல் பிறந்த அல்பிரூனி இந்தியாவைப் பற்றி ஒரு பெரிய நூலை 1030 வாக்கில் எழுதி முடித்தார். அதற்காகச் சமஸ்கிருதம் படித்தார். பண்டிதர்களிடம் உட்கார்ந்து கேட்டார். அவர் மார்க்கத்தில் உறுதியானவர். இந்துக்களின் கொள்கைகளை அவர் ஏற்கவில்லை. ஆனாலும் மறுத்து வாதிடுவது தன் நூலின் நோக்கமல்ல என்றும், அவர்கள் சொல்வதை உள்ளபடி எடுத்து வைப்பதே நோக்கம் என்றும் தெளிவுபடுத்திவிட்டுத்தான் எழுதத் தொடங்கினார். அடுத்தவரின் நம்பிக்கையையே அவ்வளவு நேர்மையாகப் பதிவு செய்ய முடியுமென்றால், நம் சொந்தப் பாட்டனார் செய்ததைப் பதிவு செய்ய நாம் ஏன் தயங்க வேண்டும்? பதிவு செய்வது அங்கீகரிப்பதாகாது. கடன் புத்தகத்தில் எழுதினால் கடனை ஆதரிப்பதாக ஆகிவிடுமா?

நம்மைப் பற்றி மற்றவர்கள் எழுதியவை

நம்மைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவர்களில் பலர் வெளியார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 1909-இல் தென்னிந்தியச் சாதிகளையும் குலங்களையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அதில் லெப்பை, மரைக்காயர், ராவுத்தர் எல்லாம் உண்டு. அந்த மனிதர் மக்களை நிறுத்தி வைத்துத் தலையையும் மூக்கையும் அளந்தவர். ஆட்சி செய்பவன் ஆளப்படுபவனை அளந்த காலம் அது. இந்தப் படிப்புக்கு அப்படியொரு கறை உண்டு என்பதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிற்காலத்தில் வந்தவர்கள் மேலானவர்கள். மேட்டிசன் மைன்ஸ் என்ற அமெரிக்கர் 1960-களின் பிற்பகுதியில் சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகளிடையே தங்கி ஆராய்ந்தார். அவருடைய நூல் 1972-இல் வந்தது. பல ஊர்களிலிருந்து, பல பிரிவுகளிலிருந்து வந்தவர்கள் பட்டணத்தில் சேர்ந்து வாழும்போது 'முஸ்லிம்' என்ற பொது அடையாளம் அழுத்தம் பெறுகிறது என்பது அவருடைய கருத்து. சொந்தக் கிராமத்தில் அதற்கு அவ்வளவு தேவையில்லை. நம் சங்கத்தை நினைத்துப் பாருங்கள். கடையநல்லூர்க்காரர், கீழக்கரைக்காரர், கூத்தாநல்லூர்க்காரர், பனைக்குளத்துக்காரர் எல்லாரும் ஜொகூருக்கு வந்த பிறகுதானே 'தமிழ் முஸ்லிம்' என்ற ஒரே பெயரின் கீழ் உட்கார்ந்தோம்? ஊரில் யாராவது தன்னைத் தமிழ் முஸ்லிம் என்று அறிமுகப்படுத்திக்கொள்வாரா? இன்னார் மகன் என்பார், அதோடு முடிந்தது.

டென்னிஸ் மெக்கில்வ்ரே என்பவர் இலங்கையின் கிழக்குக் கரையில் அக்கரைப்பற்று என்ற ஊரில் பல ஆண்டுகள் ஆராய்ந்து 2008-இல் நூல் வெளியிட்டார். அங்கே தமிழர்களும் முஸ்லிம்களும் தாய்வழியில் வரும் 'குடி' முறையைப் பின்பற்றுகிறார்கள். மகளுக்குத்தான் வீடு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். காயல்பட்டினம், கீழக்கரைக் குடும்பத்தாருக்கு இது ஆச்சரியமாக இருக்காது. ஆண்கள் மாதக்கணக்கில் கடல் கடந்து போன ஊர்களில் பெண் தன் தாயோடு இருப்பதே பாதுகாப்பு என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. நம் பாட்டனார்களில் பலர் மனைவியை ஊரில் விட்டுவிட்டு இங்கே கடையிலேயே படுத்து எழுந்தவர்கள். அந்த வருடங்களை ஊரிலிருந்த நம் பாட்டிமார் எப்படிக் கடந்தார்கள்? அந்தக் கதையை யார் எழுதியிருக்கிறார்?

மலேசியாவுக்கு வருவோம். ஜூடித் நகாட்டா என்ற மானிடவியலாளர் பினாங்கில் ஆராய்ந்து 1974-இல் 'மலாய்க்காரர் என்றால் யார்?' என்ற கேள்வியைத் தலைப்பாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். ஒரே மனிதர் ஓரிடத்தில் மலாய்க்காரராகவும், இன்னோரிடத்தில் இந்திய முஸ்லிமாகவும் தன்னைக் காட்டிக்கொள்வதை அவர் கண்டார். இதை ஏமாற்று என்று அவர் எழுதவில்லை. சூழ்நிலைக்கேற்ப மனிதர் தம் அடையாளங்களில் ஒன்றை முன்னால் வைக்கிறார் என்றார்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது புத்தக விஷயமல்ல. பள்ளிப் பாரத்தில் 'பங்சா' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நிற்கிறது. "அத்தா, என்ன போடுறது?" என்று கேட்கிறார்கள். நம் கூட்டரசு அரசியலமைப்பின் 160-ஆவது விதி மலாய்க்காரர் என்பதை விளக்கும்போது மதம், வழக்கமாகப் பேசும் மொழி, பின்பற்றும் அடாட் ஆகிய மூன்றைச் சொல்கிறது. பிறப்பு, குடியிருப்பு பற்றிய நிபந்தனையும் உடன் உண்டு. பாருங்கள், நாட்டின் உச்சச் சட்டத்திலேயே பண்பாடு இருக்கிறது. எந்தக் குடும்பம் எந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டும் என்று சொல்ல நான் வரவில்லை. அது அவரவர் முடிவு, மலாய்க் குடும்பங்களோடு சம்பந்தம் செய்தவர்கள் நம்மில் ஏராளம். ஆனால் கட்டத்தில் எதைப் போட்டாலும், நாம் எங்கிருந்து வந்தோம், என்ன கொண்டு வந்தோம் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லத் தெரிய வேண்டும். மலாய் மொழியிலுள்ள கெடாய், கப்பால், பெத்தி, மோடால் என்ற சொற்கள் நம் கடையும் கப்பலும் பெட்டியும் முதலும்தான் என்று அவனுக்குத் தெரிந்தால், அவன் எந்த மொழியில் பேசினாலும் தலை நிமிர்ந்து பேசுவான்.

ஜொகூரின் கதை

பினாங்கைப் பற்றிய நூல் மூவாரைப் பற்றிச் சொல்லாது. ஜொகூருக்குத் தனிக் கதை உண்டு. 1924-இல் சிங்கப்பூரோடு இணைக்கும் பாலம் முறையாகத் திறக்கப்பட்டது. நம்மவர்களில் அண்ணன் அங்கே கடை, தம்பி இங்கே கடை என்று இரண்டு கரையிலும் கால் வைத்தவர்கள் உண்டு. 1965-இல் சிங்கப்பூர் தனி நாடானபோது ஒரு குடும்பத்துக்கு இரண்டு நாடு ஆனது. யார் எந்தப் பக்கம் நின்றார்கள், ஏன் நின்றார்கள், சொத்தை எப்படிப் பிரித்தார்கள் என்பதை நேரில் கண்டவர்கள் இன்று எண்பதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களில் சிலர் இந்த மண்டபத்தில் முன் வரிசையில் இருக்கிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும்.

நாம் எழுதத் தெரியாத சமுதாயமல்ல. '555' என்று அட்டையில் போட்ட அந்தச் சின்ன நோட்டு இல்லாத கடை நம்மிடம் உண்டா? நாற்பது காசு பாக்கியைக் கூட நாள் போட்டுப் பேர் போட்டு எழுதி வைத்தோம். ஆனால் அந்தக் கடையை முதன்முதலில் திறந்தவர் எந்தக் கப்பலில் வந்தார், கையில் என்ன இருந்தது, யார் சாட்சி நின்று முதல் போட்டார் என்பதை எழுதி வைக்கவில்லை. நம் சங்கத்தின் ஆரம்பகாலக் கூட்டக் குறிப்புகள் தமிழில் இருக்கின்றன. அவற்றைப் படிக்கக்கூடிய இளைஞர்களை இன்று விரல் விட்டு எண்ண வேண்டியிருக்கிறது.

எப்படித் தொடங்கலாம்?

சேமித்தவனுக்கு ஒரு எச்சரிக்கையும் ஆறுதலுமாக ஒரு கதை. இந்தியாவின் புகழ்பெற்ற மானிடவியலாளர் எம். என். ஸ்ரீநிவாஸ் 1948-இல் மைசூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் தங்கி ஆராய்ந்தார். 1970-இல் அமெரிக்காவில் அவர் இருந்த ஆய்வு நிலையத்துக்குத் தீ வைக்கப்பட்டபோது, ஆண்டுக்கணக்கில் சீர்படுத்திய குறிப்புகளின் மூன்று படிகளும் ஒன்றாக எரிந்துபோயின. அவர் மனம் உடைந்தாலும் நினைவிலிருந்து எழுதத் தொடங்கி 1976-இல் 'நினைவில் நின்ற கிராமம்' என்ற பொருளில் ஒரு நூலைக் கொடுத்தார். நினைவு இருக்கும்வரை எழுதலாம் என்பது ஆறுதல். எல்லாப் படிகளையும் ஒரே இடத்தில் வைக்காதே என்பது எச்சரிக்கை.

வீட்டில் தொடங்க இவ்வளவு போதும். வயதில் மூத்த ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். முதலில் அவரிடம் அனுமதி கேளுங்கள். கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். "உங்கள் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் "என்ன இருக்கு சொல்ல" என்று முடித்துவிடுவார்கள். சின்னக் கேள்வியாகக் கேளுங்கள். முதன்முதலில் வேலை செய்த கடையில் காலையில் யார் முதலில் எழுந்தார்? பசியாற என்ன கிடைத்தது? ஊருக்குக் காகிதம் யார் எழுதிக் கொடுத்தார்? முதல் சம்பளம் எவ்வளவு, அதில் எவ்வளவு அனுப்பினீர்கள்? அவர் பேசும் தமிழைத் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள். பழைய படத்தின் பின்னால் யார், எந்த ஊர், எந்த வருடம் என்று பென்சிலால் குறியுங்கள். குடும்பச் சண்டை பேச்சில் வந்தால் கேட்டுக்கொள்ளுங்கள், ஊருக்குப் பரப்பாதீர்கள். அது அமானிதம்.

தாய்மார்களிடம் கேட்க நினைத்தது இதுதான். அடுப்படி, பிரசவம், சீர்வரிசை, தாலாட்டு பற்றியெல்லாம் நீங்கள் கேட்டால்தான் மூத்த பெண்கள் மனம் திறப்பார்கள். அந்தப் பாதிக் கதை உங்கள் கையில் இருக்கிறது. பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத வரவில்லை என்றால் மலாயில் எழுதட்டும், தடையில்லை. ஆனால் பெரியவரின் குரல் தமிழிலேயே ஒலிப்பதிவில் இருக்கட்டும்.

முறையாகப் படிக்க விரும்புபவர்களுக்கு மலாயாப் பல்கலைக்கழகத்திலும் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்திலும் இதைப் படிக்க வழி உண்டு. தமிழில் தொடங்க விரும்பினால் பக்தவத்சல பாரதி எழுதிய 'பண்பாட்டு மானிடவியல்' இருக்கிறது. தொ. பரமசிவனின் 'அறியப்படாத தமிழகம்' இன்னும் எளிமை. இளையான்குடிக் கல்லூரியில் பாடம் நடத்தியவர் அவர், நம் மக்களை நெருங்கிப் பார்த்தவர். தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' நாவல்தான் என்றாலும் ஒரு முஸ்லிம் ஊருக்குள் அழைத்துப் போய் உட்கார வைக்கும். கோம்பை அன்வர் எடுத்த 'யாதும்' என்ற ஆவணப்படத்தைக் குடும்பத்தோடு பார்க்கலாம்.

"இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்று பெற்றோர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம், சமூகநலத் துறை, மருத்துவமனை, சந்தை ஆய்வு நிறுவனம் என்று மனிதரைப் புரிந்துகொள்ள வேண்டிய இடமெல்லாம் இந்தப் படிப்புக்கு வேலை உண்டு. எல்லாரும் டாக்டராகவும் அக்கவுண்டண்டாகவும் ஆகட்டும். ஒரு நூறு வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது இதற்கு வரட்டும் என்பதே என் ஆசை.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் இரண்டு. பழைய கூட்டக் குறிப்புகளையும் உறுப்பினர் பதிவேடுகளையும் ஸ்கேன் செய்து மூன்று வேறு இடங்களில் வையுங்கள். இந்தப் பொன்விழா ஆண்டு முடிவதற்குள் ஒவ்வொரு குடும்பமும் ஒரு பெரியவரின் ஒலிப்பதிவைச் சங்கத்திடம் ஒப்படைக்கட்டும். எந்திரக் கோளாறு வந்தால் பார்க்க நான் இருக்கிறேன், அதற்குத்தான் டிப்ளோமா இருக்கிறதே. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சங்கக் கட்டடத்துக்கு வந்து உதவவும் தயார். பெயர் கொடுக்க விரும்புபவர்கள் சாப்பாட்டுக்கு முன் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள். பிரியாணி வந்த பிறகு யாரும் எதையும் கேட்க மாட்டீர்கள் என்பதும் நம் பண்பாடுதான்.

நமக்கு முன் வந்து, பாடுபட்டு, இந்த மண்ணிலேயே அடங்கிவிட்ட நம் பெரியோர் அனைவரையும் அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக. இருப்பவர்களுக்கு ஆரோக்கியத்தையும், அவர்களிடம் உட்கார்ந்து கேட்கும் பொறுமையை நமக்கும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.